கோதண்டபாணி மேலேயிருந்து எடுத்த படம்

விருத்தாசலத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். காலண்டரில் தங்கள் ஊர் அழகாக விழவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு ஊரே கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஹெலிகாப்டருக்காகக் காத்துக்கிடந்ததாம். ஜங்ஷனுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் இன்றைக்கும் எவனாவது ஒருவன் ஆரம்பிப்பான். மற்றவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் அந்த ஊர்க்காரன். கூரையைப் பிரித்தவர்களில் ஒருவன். சிரிக்கிறவன் முகத்தில் அந்த டீயை எடுத்து ஊற்றினால் என்ன என்று எனக்குக் கை துறுதுறுக்கும். அவர்கள் சிரித்து முடிக்கிற இடத்தில் கதை முடியவில்லை. மீதியையும் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

இது போட்டோக்காரர் கோதண்டபாணியின் கதை. அவர் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். அவருடைய அப்பா பூவராகர் கோயில் வாசலில் துளசி மாலை கட்டி விற்றவர். மகன் மாலை கட்ட மாட்டேன் என்று கடலூருக்கு ஓடிப்போய், ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவும் தொட்டிகளைத் தேய்த்துத் தொழில் கற்றுக்கொண்டு, அறுபத்திரண்டு வாக்கில் விருத்தாசலத்தில் சொந்தமாக ஸ்டுடியோ திறந்தார். ஒல்லியான ஆள். மூக்குக்கு மேலே கோபம். படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்களை அவர் மரியாதையாக நடத்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தாடையைப் பிடித்துத் திருப்புவார். கண்ணைச் சிமிட்டினால் திட்டுவார். கசங்கிய சட்டையோடு வந்தவனை, போய் வெளுத்துப் போட்டுக்கொண்டு வா என்று படியிலேயே திருப்பி அனுப்புவார். இல்லாதவர்களுக்கென்று ஸ்டுடியோவில் ஒரு கோட்டும், ஓடாத கைக்கடிகாரம் ஒன்றும், பவுடர் டப்பாவும் வைத்திருந்தார். ஒருமுறை படத்தில் விழுந்துவிட்டால் விழுந்ததுதான், பிறகு அழுதாலும் மாறாது என்பது அவர் ஓயாமல் சொல்லும் பேச்சு.

இப்படிச் சொல்கிற மனுஷன்தான் படத்தை மாற்றுவதிலும் கெட்டிக்காரர். கூரான பென்சிலை வைத்துக்கொண்டு நெகட்டிவில் அவர் செய்யாத வேலை கிடையாது. அம்மைத் தழும்பை எடுத்துவிடுவார். மாறுகண்ணை நேராக்குவார். பெண் பார்க்க அனுப்பும் படத்தில் வெறுங்கழுத்துக்குச் சங்கிலி போட்டுத் தருவார். ஒரு கல்யாணப் படத்தில் சண்டை போட்டுக்கொண்ட பங்காளி ஒருவரையே ஆள் இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டார். இது ஊருக்கே தெரியும். பின்னால் வரப்போவதற்கு இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் களர்மேடு. கம்மாபுரம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் வரும். ஊர் என்றால் ஒரு தெருவும் இரண்டு சந்தும்தான். எல்லாம் கூரை வீடு. மூன்று தலைமுறையாக அங்கே இருந்தோம். ஆனால் இடம் புறம்போக்கு. பட்டா கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டே இருந்தோம், எதற்கும் ரசீதோ பதிலோ வந்ததில்லை. குடும்ப அட்டையில்கூட எங்கள் ஊர்ப் பெயர் கிடையாது, பக்கத்துப் பெரிய கிராமத்தின் பெயர்தான் இருக்கும். காலுக்கடியில் வெள்ளைக் களிமண் இருந்தது. எங்களுக்கு அது மழை பெய்தால் வழுக்கும் மண். சாமிதுரைக்கு அது ஜாடியும் பொம்மையும் பியூஸ் கட்டையும்.

சாமிதுரையின் பீங்கான் கம்பெனி எங்கள் ஊரை ஒட்டியே இருந்தது. நான் அங்கே சூளையில் வேலை பார்த்தேன். என் அக்கா வீராயி அங்கேயே மண் சுமந்தாள். புருஷன் செத்த பிறகு மூன்று பிள்ளைகளை அந்தக் கூடையால்தான் வளர்த்தாள். யாருக்கும் பயப்படாதவள். ஊரில் எந்தக் காரியமும் அவள் வாயிலிருந்துதான் புறப்படும்.

கோதண்டபாணி எங்கள் ஊருக்குப் பழக்கமானவர். கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் சைக்கிளில் வருவார். செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, புதுவேட்டி கட்டி, குடும்பத்தைச் சுற்றி நிறுத்திப் படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போதும் அவர் திட்டுவார். பிணத்தின் தலை சாய்ந்திருந்தால் பிணத்தையே திட்டுவார். தூணும் தோட்டமும் வரைந்த ஒரு பெரிய திரைச்சீலையைச் சுருட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் கூரையும் மண்சுவரும் தெரியாதபடி பின்னால் தொங்கவிட்டுத்தான் எடுப்பார். எங்களுக்கும் அதில் பெருமைதான். என் மாமன் செத்தபோது அரண்மனைத் தோட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஒரு ஹெலிகாப்டர் எங்கள் பக்கம் வந்தது. கரும்புக்கு மேலேயிருந்து மருந்தடிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்கள் வரவழைத்திருந்தார்கள். முன்பக்கம் கண்ணாடிக் குமிழி, பின்பக்கம் வால், பார்க்கத் தட்டான் மாதிரி இருக்கும். சனங்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடினார்கள். சாமிதுரையும் பார்த்தார். அவர் பார்க்கிற பார்வை வேறே. ஆலைக்காரர்களிடம் பேசி, ஒரு காலை நேரத்துக்கு அதைத் தனக்கு வாங்கிக்கொண்டார். கம்பெனியை மேலேயிருந்து படம் எடுத்துக் காலண்டர் போடப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அதற்கென்று மெட்ராசிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். ஹெலிகாப்டருக்குக் கதவு கிடையாது, கழற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் அடுத்த ரயிலில் ஏறிவிட்டார்.

அப்புறம்தான் சாமிதுரை தன் மேஸ்திரி தர்மராஜைக் கோதண்டபாணியிடம் அனுப்பினார். தர்மராஜ் பேச்சை முடிக்கும் முன்பே அவர் சரி என்றுவிட்டாராம். அத்தனை வருஷமாகக் கம்பெனி விளம்பரத்துக்கு ஜாடியையும், ஊரூராகப் பிணத்தையும் படம் எடுத்த மனுஷனுக்கு வானம் கிடைத்தால் வேண்டாம் என்பாரா? ஆனாலும் தொழில் என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் மசியமாட்டார். மதிய வெயிலில் எடுத்தால் எல்லாம் சப்பென்று தரையோடு தரையாகிவிடும், காலை வெயிலில்தான் நிழல் நீண்டு விழும், அப்போதுதான் சுவர் எது தரை எது என்று மேலேயிருந்து தெரியும் என்று கறாராகச் சொன்னார். கம்பெனியை இரண்டு சுற்று சுற்றவேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் இடம் பார்க்க வந்தார். கம்பெனிப் புகைபோக்கி, மண் காயும் களம், சூளைக் கொட்டகை எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் தெருவுக்கும் வந்தார். படத்தின் ஓரத்தில் எங்கள் ஊரும் விழும் என்றார். சொன்னதோடு நிற்காமல், வழக்கம்போலத் திட்டவும் திட்டினார். வேட்டி கட்டத் தெரியாதவனைத் திட்டுகிற அதே குரலில் எங்கள் கூரைகளைத் திட்டினார்.

"என்னாக்கா கூர இது, மக்கிப்போயி கெடக்குது? மேலேருந்து எடுத்தா இதான் மொதல்ல தெரியும். ஆயிரம் வூட்டுல மாட்டப்போற காலண்டரு."

வீராயி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். எப்படியும் அது கூரை மாற்றுகிற பருவம்தான். கரும்பு வெட்டு முடிந்து கூரை வேயத் தோகை கிடைக்கிற காலம். வழக்கமாக ஒரு வீட்டுக்குக் கூரை பிரித்தால் அன்றைக்கே எல்லோரும் கூடி வேய்ந்து முடித்துவிட்டு, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போவோம். ஆளுக்கு ஆள் மாற்று வேலை. தெரு முடிய வைகாசி ஆகிவிடும். இந்தத் தடவை வெள்ளிக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் புதுக்கூரை போடவேண்டும் என்றால் அப்படிச் செய்தால் ஆகாது. செவ்வாய்க்கிழமை எல்லா வீட்டையும் ஒன்றாகப் பிரித்தோம். பழைய கூரையை வயலில் எருவுக்குக் கொட்டினோம். சட்டி பானை, பாய், துணி எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் புளிய மரங்களுக்கு அடியில் வைத்தோம். புதன்கிழமை விடியும்போதே வண்டி கட்டிக்கொண்டு, தோகை கட்ட ஊரே ஆற்றுக்கு அந்தப்பக்கம் கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டது. ஆடு மாடும் கூடவே போயிற்று. கைப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு கிழவிகள் மட்டும் மரத்தடியில் இருந்தார்கள்.

இதுதான் ஜங்ஷனில் சிரிக்கிற கதை. படம் எடுக்கப் போனால் குளித்துப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே இவர்கள்தான். நாங்கள் ஊருக்கே புதுச்சட்டை போட நினைத்தோம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் புதன்கிழமை சூளையில் இருந்தேன். தர்மராஜ் காலையில் எங்கள் தெருப்பக்கம் சைக்கிளில் போய்விட்டு வேகமாகத் திரும்பி வந்தான். நேரே முதலாளியின் அறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் அவனை ஏற்றிக்கொண்டு முதலாளியின் கார் கிளம்பியது. அப்புறம் வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருக்கும்போதே மேலே சத்தம் கேட்டது. வெளியே ஓடிவந்து பார்த்தேன். ஹெலிகாப்டர். கதவில்லாத பக்கத்தில் கோதண்டபாணி, இடுப்பில் கிணற்றுத் தாம்புக்கயிறு கட்டி, இரண்டு கண் வைத்த கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்கிக்கொண்டிருந்தார். பின்னால் தர்மராஜ் உட்கார்ந்திருந்தான். கம்பெனிக்கு மேலே அது ஒரு சுற்றுத்தான் சுற்றியது. எங்கள் ஊருக்கு மேலே சுற்றினது எத்தனை என்று எண்ணவில்லை. களத்தில் சாமிதுரை நெற்றிக்கு மேலே கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் கோதண்டபாணி எங்களிடம் வந்தார். தெருவில் தோகைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தோம். வண்டி மாடு மிரள்கிற அளவுக்குக் கத்தினார். காலையில் தன்னை ஸ்டுடியோவிலிருந்து இழுக்காத குறையாக ஏற்றிக்கொண்டு போனதாகவும், மேலே போய்க் கீழே மொட்டைச் சுவர்களைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்று தர்மராஜிடம் கையைக் காட்டி மன்றாடியதாகவும், அவன் எடு எடு என்று முதுகில் குத்திக்கொண்டே இருந்ததாகவும் சொன்னார். எடுத்து முடித்ததும் ரோலையே வாங்கிக்கொண்டார்களாம். காலண்டரில் உங்கள் ஊர் அசிங்கமாக வரப்போகிறது என்று அவருக்கு அழுகை வராத குறை. எங்களுக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் புரிந்தது. வீராயி கம்பெனி இருக்கிற திசையைப் பார்த்து நாலு வார்த்தை வைதுவிட்டு, அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லா வீட்டையும் வேய்ந்து முடித்துவிட்டோம். புதுத்தோகை வெயிலில் மஞ்சளாக மின்னியது. ஊர் அவ்வளவு அழகாக அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஆடியில் நோட்டீசு வந்தது. கம்பெனியை ஒட்டியிருக்கும் ஆளில்லாத தரிசு நிலத்தைக் களிமண் வெட்டக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் விசாரணைக்கு வரலாம் என்று அதில் இருந்தது. ஆளில்லாத தரிசு என்றால் நாங்கள். எங்கள் அடுப்பு, எங்கள் மாட்டுக்கொட்டகை, எங்கள் பிள்ளைகள் ஓடுகிற தெரு. ஆளில்லை என்று முடிவாகிவிட்டால் மாற்று இடம்கூடக் கொடுக்க வேண்டாம். காலண்டர் என்பதே பொய் என்று அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு ஏறியது.

விசாரணைக்கு வந்த அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர். மேசை மேல் அந்தப் படம் இருந்தது. பெரிதாக்கி அட்டையில் ஒட்டியிருந்தார்கள். காலை வெயிலில் மொட்டைச் சுவர்களின் நிழல் நீளநீளமாக விழுந்து, ஒரு சுவர் விடாமல் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு ஆள் இல்லை, ஒரு ஆடு இல்லை. என்றைக்கோ சனங்கள் கைவிட்டுப்போன இடம் என்று குழந்தைகூடச் சொல்லும். சட்டி பானையும் கைப்பிள்ளைகளும் புளிய மரத்துக்கு அடியில் இருந்தன. படத்தில் புளிய மரத்தின் தலைதான் தெரிந்தது.

நாங்கள் குடியிருக்கிறோம், வந்து பாருங்கள் என்றோம். அதிகாரி ஜீப்பில் வந்தும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னதுதான் எங்களைக் கொன்றது. எல்லாக் கூரையும் ஒரே வயசாக இருக்கிறதே என்றார். ஊரென்று ஒன்று இருந்தால் ஒரு கூரை புதுசாக இருக்கும், ஒரு கூரை பழசாக இருக்கும், இப்படி மொத்தமும் ஒரே நாளில் போட்டதாக இருக்குமா என்று கேட்டார். படம் எடுத்த பிறகு, குத்தகை விஷயம் தெரிந்துகொண்டு, பாழ்ஞ்சுவர்களின் மேல் அவசரமாகத் தோகையைப் போட்டு இடத்தை வளைத்திருக்கிறோம் என்று அவராகவே முடிவுக்கு வந்துவிட்டார். பழைய கூரையைக் காட்டலாம் என்றால் அது எருவாகிவிட்டது. பழைய படங்களைக் காட்டலாம் என்று வீடு வீடாகப் போய் எடுத்தோம். கல்யாணப் படம், சாவுப் படம், எல்லாவற்றிலும் பின்னால் தூணும் தோட்டமும்தான் இருந்தன. எங்கள் வீடு ஒரு படத்திலும் இல்லை.

ஆக எல்லாம் அந்த ஒரு படத்தில் வந்து நின்றது. இரண்டாவது விசாரணைக்குக் கோதண்டபாணியைக் கூப்பிட்டார்கள். கூப்பிடச் சொன்னதே நாங்கள்தான். காலையிலிருந்தே அவர் கொதித்துக்கொண்டிருந்தார். சாமிதுரை எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும், காலண்டருன்னு சொல்லி ஏமாத்தின ஆளு இவருதாங்க என்று அதிகாரி கேட்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததுதானா?"

"ஆமாங்க. நான்தாங்க எடுத்தேன்."

"நீங்க நெகட்டிவுல கை வேலை செய்யிறதுல பேர் போனவர்னு சொல்றாங்க. இதுல ஏதாவது அழிச்சிருக்கா? மாத்தியிருக்கா?"

அதிகாரி தெரிந்து கேட்டாரோ தெரியாமல் கேட்டாரோ, ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாங்க, முதலாளி சொன்னார், கூரையைப் பென்சிலால் எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நெகட்டிவ் சாமிதுரையின் பெட்டியில் இருக்கிறது, அதைக் கொண்டுவரட்டும், ஆராயட்டும், ஆறு மாசம் ஓடட்டும். பங்காளியையே ஆளில்லாமல் துடைத்தவர் கூரையைத் துடைத்தேன் என்றால் நம்பாதவன் இந்த ஊரில் உண்டா? வீராயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிதுரையின் முகத்தில் அப்போதுதான், அன்றைக்கு முதல் தடவையாக, வியர்வை தெரிந்தது.

கோதண்டபாணி மேசை மேலிருந்த படத்தைக் கையில் எடுத்தார். ரோலைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அவரே அதை அன்றைக்குத்தான் பார்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அந்தக் கோபத்திலும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்ததை நான் பார்த்தேன். அதை நான் மறக்கப்போவதில்லை.

"இல்லீங்க. இதுல ஒரு புள்ளி நான் கை வெக்கல," என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. ஆனா இவங்க சொல்ற அர்த்தம் பொய்யிங்க, கூரை மாத்தப் பிரிச்சிருந்தாங்க, எனக்காகத்தான் பிரிச்சாங்க என்று தொண்டை வறளக் கத்தினார். மேசையைத் தட்டினார். சாமிதுரையைப் பார்த்துத் திருட்டுப்பயலே என்றார். அதிகாரிக்கு வேண்டியது முதல் வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. மீதியெல்லாம் சத்தம். வாட்ச்மேன் வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

நான் வெளியே ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். வாழ்நாள் முழுக்க எவன் எவன் மூஞ்சிக்கோ பொய் எழுதினீரே, எங்களுக்காக ஒரு பொய் வாயில் வரவில்லையா என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை.

"மத்ததெல்லாம் துட்டுக்குச் செஞ்சதுடா. மேல தொங்கிக்கிட்டு எடுத்த படம் அது ஒண்ணுதான். அது சுத்தமா வந்திருக்குது," என்றார்.

நான் அவர் சட்டையை விட்டுவிட்டேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு இன்றுவரை ஒரு முடிவு கிடைக்கவில்லை. உண்மை பேசியவன் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அந்த உண்மை யார் வீட்டை இடித்தது என்று பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். சாமிதுரை செய்தது அயோக்கியத்தனம், அதிகாரி செய்தது சோம்பேறித்தனம், இரண்டையும் காறித் துப்பிவிட்டுப் போகலாம். கோதண்டபாணி செய்ததை என்னவென்று சொல்வது?

காலி செய்யச் சொல்லி உத்தரவு ஐப்பசியில் வந்தது. பொங்கல் வரை இருந்துகொள்ளலாம் என்றார்கள். விசாரணையில் பேசியதற்காக எனக்குச் சூளையில் வேலை போயிற்று, அக்காவுக்கு மண்கூடை போயிற்று. அந்த வருஷக் கம்பெனிக் காலண்டரில் மகாலட்சுமி படம் போட்டிருந்தார்கள். கோதண்டபாணி ஸ்டுடியோவில் கோட்டையும் கடிகாரத்தையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார் என்றும், பென்சில் வேலைக்கு வருகிறவர்களைத் திட்டித் துரத்துகிறார் என்றும் கேள்விப்பட்டேன். கம்பெனிகளின் ஜாடி வேலையும் அவருக்கு நின்றுபோயிற்று. யாரும் பரிதாபப்படவில்லை, அவர் பரிதாபப்படும்படி நடந்துகொள்கிற ஆளும் இல்லை.

பொங்கல் கழிந்ததும் கிளம்பினோம். ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் இடம் பார்த்து வைத்திருந்தோம், அதுவும் புறம்போக்குதான். போகிற இடத்தில் மூங்கிலுக்கும் தோகைக்கும் எங்கே போவது? அதனால் நாங்களே கூரைகளைப் பிரித்தோம். ஒரு வருஷம்கூட ஆகாத தோகை, உதறினால் இன்னும் சலசலவென்று சத்தம் போட்டது. கட்டுக்கட்டாகக் கட்டி வண்டியில் ஏற்றினோம். கைப்பிள்ளைகளும் சட்டி பானையும் முன்னால் போய்விட்டன. ஆடு மாடும் போய்விட்டது. கம்பெனி ஆட்கள் மண்வெட்டியோடு ஓரமாக நின்றார்கள்.

அப்போது கோதண்டபாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் கேமரா இருந்தது, திரைச்சீலை இல்லை. யாரும் அவரை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் நேரே வீராயியிடம் போனார். பத்திரிகைக்காரர்கள் சிலரைத் தனக்குத் தெரியும் என்றும், இன்றைக்கு நடப்பதை எடுத்து அனுப்பினால் நாலு பேருக்கு உண்மை தெரியும் என்றும், உங்கள் வீட்டை இப்போதாவது ஒழுங்காக எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னார். அவர் அப்படி இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் திட்டவில்லை, நேராக நில் என்று சொல்லவில்லை.

அக்கா கடைசிக் கட்டைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். காலை வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மொட்டைச் சுவர்கள், அவற்றின் நிழல்கள், சுவர்களுக்குள் ஒரு ஆள் இல்லை.

"எதுக்குங்க மறுபடி எடுக்கணும்?" என்றாள். குரலில் சண்டை இல்லை. "இன்னிக்கி இருக்கிறதத்தான் நீங்க அன்னிக்கே எடுத்துட்டிங்களே."

கட்டைத் தலையில் தூக்கி வைக்க என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன். இன்னொரு பக்கம் பிடிக்கக் கோதண்டபாணி கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.